மாநிலங்களைக் கேட்காத திருத்தம்: 97ஆவது அரசமைப்புத் திருத்த வழக்கும் செட்டிநாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று செட்டிநாட்டின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கூட்டுறவுச் சங்கத்தோடு கணக்கு வழக்கு இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கு நெசவாளர் சங்கம், மாடு வைத்திருப்பவருக்குப் பால் உற்பத்தியாளர் சங்கம், அரிசிக்கும் சர்க்கரைக்கும் சங்கம் நடத்தும் ரேஷன் கடை என்று ஏதோ ஒரு வகையில் அந்த உறவு இருக்கும். இந்தச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் இருக்கலாம், அவர்கள் எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம், அரசு அவர்களைக் கலைத்தால் எத்தனை மாதத்துக்குள் பொறுப்பை மீண்டும் உறுப்பினர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பனவற்றை 2012 பிப்ரவரி 15 முதல் இந்திய அரசமைப்புச் சட்டமே நேரடியாக வகுத்துச் சொன்னது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 ஜூலை 20 அன்று, மாநில எல்லைக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த விதிகளில் குற்றம் கண்டு நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அவற்றுள் பல, உறுப்பினர்கள் நெடுங்காலமாக வேண்டி நின்றவை. அவற்றைக் கொண்டுவந்த திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்புறுதி பெறப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் அவை விழுந்தன. உள்ளடக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் செய்த திருத்தம் திருத்தமாகுமா என்பதே இந்தத் தீர்ப்புக்கு இடமான ராஜேந்திர ஷா வழக்கின் கேள்வி. கூட்டுறவுச் சங்கத்தை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் இந்தத் தீர்ப்பை அதன் முழு நீளத்தில் அறிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையில்தான் இந்த ஆய்வு எழுதப்படுகிறது.

திருத்தம் செய்தது என்ன

97ஆவது திருத்த மசோதாவை மக்களவை 2011 டிசம்பர் 27 அன்றும் மாநிலங்களவை மறுநாளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் 2012 ஜனவரி 12 அன்று ஒப்புதல் அளித்தார். திருத்தத்தில் மூன்று கூறுகள் இருந்தன. உறுப்பு 19(1)(சி)யில் ‘கூட்டுறவுச் சங்கங்கள்’ என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. இதனால் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமையாயிற்று. சங்கங்கள் தாமாக அமைவதையும் தன்னாட்சியுடன் இயங்குவதையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்ற 43பி உறுப்பு, அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. மூன்றாவதாக, 243இசட்எச் முதல் 243இசட்டி வரையிலான உறுப்புகளைக் கொண்ட 9பி என்ற புதிய பகுதி சேர்ந்தது. முதல் இரண்டைப் பற்றிப் பெரிய வழக்கு எதுவும் எழவில்லை. அவை இன்றும் நடைமுறையில் உள்ளன. சிக்கல் முழுவதும் மூன்றாவதில்தான்.

9பி பகுதி மிக நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தது. நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்களுள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கு ஓரிடமும் பெண்களுக்கு இரண்டிடமும் ஒதுக்கப்பட வேண்டும். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். குழுவின் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும். குழுவை அரசு கலைத்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் அந்த நிலை நீடிக்கக் கூடாது. அரசின் பங்கோ கடனோ உத்தரவாதமோ இல்லாத சங்கத்தின் குழுவைக் கலைக்கவே கூடாது. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் தணிக்கை முடிய வேண்டும்; அதே ஆறு மாதத்துக்குள் பேரவைக் கூட்டமும் கூட வேண்டும். மாநிலச் சட்டங்களில் இவற்றுக்கு மாறாக இருப்பவை ஓராண்டு வரைதான் நீடிக்க முடியும்.

இந்த விதிகளின் அருமை, குழுவைக் கலைத்துவிட்டு அரசு நியமிக்கும் தனி அலுவலரின் ஆட்சியில் சங்கம் எப்படி இருக்கும் என்று கண்டவர்களுக்குத் தெரியும். சங்க அலுவலகச் சுவரில் கூட்ட அறிவிப்பு ஒட்டப்பட வேண்டிய பலகையில் பழைய உர விலைப் பட்டியல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், முன்பெல்லாம் ஒவ்வொரு பொருளின் கீழும் நிர்வாகக் குழு உறுப்பினர்களின் கையெழுத்துகள் வரிசையாக நின்ற பக்கங்களில், பச்சை மையில் தனி அலுவலரின் ஒற்றைக் கையெழுத்து மாதக்கணக்கில் தொடர்ந்து வரும். பங்குத்தொகை கட்டி ‘அ’ வகுப்பு உறுப்பினராக இருப்பவர் தம் சங்கத்தின் வரவு செலவைக் கேட்கத் துணைப்பதிவாளர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருக்கும். ஆகவே, கலைப்புக்கு ஆறு மாத எல்லை வகுத்த ஒரு விதி அரசமைப்புச் சட்டத்திலேயே ஏறியபோது மகிழ்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வழக்கைக் கடினமாக்குவதே அந்த மகிழ்ச்சியின் நியாயம்தான்.

ஏற்புறுதி என்ற நிபந்தனை

அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் வழி உறுப்பு 368இல் உள்ளது. பொதுவாக, நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்தால் போதும். ஆனால் இரண்டாம் கூறின் வரம்புரை, அதாவது பொது விதிக்கு நிபந்தனை சேர்க்கும் வாசகம், சில பொருள்களைத் தனியே பிரித்து வைக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், மத்திய மாநில அரசுகளுக்கு இடையே சட்டமியற்றும் அதிகாரம் பங்கிடப்படும் முறை, ஏழாம் அட்டவணையின் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், 368ஆவது உறுப்பே ஆகிய இவற்றில் மாற்றம் செய்யும் திருத்தத்துக்கு, மாநிலங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஏற்புறுதி அளிக்க வேண்டும். அதுவும் மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் செல்வதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். 2011இல் 28 மாநிலங்கள் இருந்ததால் 14 சட்டமன்றங்களின் தீர்மானங்கள் தேவைப்பட்டிருக்கும்.

நடைமுறையில் இது பெரிய வேலையில்லை. நாடாளுமன்றச் செயலகம் மசோதாவின் படியை மாநிலங்களுக்கு அனுப்பும். அரசமைப்புச் சட்டத்தின் 368ஆவது உறுப்பின் வரம்புரைக்குள் வரும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய இன்ன திருத்தங்களை இந்த அவை ஏற்புறுதி செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றும். சட்டமன்றத்துக்கு மசோதாவில் ஒரு சொல்லைக்கூட மாற்றும் உரிமை இல்லை. ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்துக்காக அவை கூட வேண்டும், எதிர்க்கட்சி பேச வேண்டும், அவைக்குறிப்பில் பதிவாக வேண்டும். சரக்கு சேவை வரிக்கான 101ஆவது திருத்தத்துக்கு 2016 ஆகஸ்டில் அசாம் முதலில் ஏற்புறுதி அளித்து, செப்டம்பர் தொடக்கத்துக்குள் தேவையான எண்ணிக்கை எட்டப்பட்டது. நாடு தழுவிய பெரிய மாற்றத்துக்கே ஒரு மாதத்துக்குள் முடிந்த வேலை இது.

97ஆவது திருத்தம் எந்த மாநிலச் சட்டமன்றத்துக்கும் அனுப்பப்படவில்லை. கூட்டுறவுச் சங்கங்களோ ஏழாம் அட்டவணையின் இரண்டாம் பட்டியலில், அதாவது மாநிலப் பட்டியலில், 32ஆம் பதிவில் பெயர் சொல்லியே வைக்கப்பட்டுள்ளன. மத்தியப் பட்டியலின் 43ஆம் பதிவு, நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது கூட்டுறவுச் சங்கங்களை வெளிப்படையாகவே விலக்குகிறது. இந்த ஏற்பாட்டின் வேர், விடுதலைக்கு முந்தையது. 1904இலும் 1912இலும் மத்தியச் சட்டங்கள் வந்தபோதிலும் 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கூட்டுறவு மாகாணங்களின் பொறுப்புக்கு வந்துவிட்டது. சென்னை மாகாணம் 1932இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. இன்று நம் சங்கங்களை ஆள்வது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். இவ்வளவு காலம் மாநிலத்தின் கையில் இருந்த ஒரு துறையில் குழுவின் எண்ணிக்கை முதல் தணிக்கையின் தேதி வரை வரையறுக்கும் பகுதியை அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கும்போது, மாநிலத்தைக் கேட்கத் தேவையில்லை என்று எப்படி முடிவு செய்யப்பட்டது என்பது வியப்புக்குரியது. பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் இதே வார்ப்பில் 9, 9ஏ பகுதிகளைச் சேர்த்த 73, 74ஆவது திருத்தங்கள் மாநிலங்களின் ஏற்புறுதியைப் பெற்றே வந்தன. உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. முன்மாதிரி அவ்வளவு அருகில் இருந்தது.

வழக்கின் போக்கு

குஜராத் உயர் நீதிமன்றத்தில் ராஜேந்திர ஷா தொடுத்த பொதுநல வழக்கில் 2013 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏற்புறுதி இல்லாத 9பி பகுதி செல்லாது என்று அந்த நீதிமன்றம் கூறியதோடு, திருத்தத்தாலும் மாற்ற முடியாத, கூட்டாட்சி என்ற அடிப்படைக் கட்டமைப்பையும் அது மீறுகிறது என்றது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீடு எட்டு ஆண்டுகள் நிலுவையில் இருந்து, நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமன், கே.எம். ஜோசப், பி.ஆர். கவாய் ஆகியோர் முன் முடிவுக்கு வந்தது. அடிப்படைக் கட்டமைப்பு என்ற பெரிய கேள்விக்குள் போகாமல், நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற அளவிலேயே உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. அது சரியான கட்டுப்பாடு என்று கருதுகிறேன். வாசலிலேயே தடுக்கப்பட வேண்டிய ஒன்றை உள்ளே அழைத்து ஆராயத் தேவையில்லை.

மத்திய அரசின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், 32ஆம் பதிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதிகாரப் பங்கீட்டைச் சொல்லும் 246ஆவது உறுப்பும் அப்படியே இருக்கிறது, ஆகவே பட்டியலில் ‘மாற்றம்’ என்று எதுவும் நிகழவில்லை என்று வாதிட்டார். மாநிலங்கள் இன்னமும் கூட்டுறவுச் சட்டம் இயற்றலாம். சில வரம்புகளுக்குள் நின்று இயற்ற வேண்டும், அவ்வளவுதான் என்பது அதன் பொருள்.

இந்த வாதத்துக்குப் பின்னால் பழைய தீர்ப்புகளின் துணை இருந்தது. 1951இல் முதல் திருத்தம் 31ஏ, 31பி உறுப்புகளையும் ஒன்பதாம் அட்டவணையையும் கொண்டுவந்து ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்குக் காப்பு அளித்தபோது, உயர் நீதிமன்றங்களின் 226ஆவது உறுப்பின் அதிகாரம் குறைகிறது, எனவே ஏற்புறுதி வேண்டும் என்று ஜமீன்தார்கள் வாதிட்டனர். சங்கரி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் அப்படியே இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பங்கள்தாம் குறைகின்றன என்றது. இந்தப் பக்கத்து மக்களுக்கு அந்தத் தீர்ப்பு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. சிவகங்கை ஜமீனை முடிவுக்குக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்கள் ஒழிப்புச் சட்டமும் ஒன்பதாம் அட்டவணையில் முதலில் இடம்பெற்ற 13 சட்டங்களுள் ஒன்று. 17ஆவது திருத்தத்தின் மீதான சஜ்ஜன் சிங் வழக்கிலும் 1964 அக்டோபரில் இதே நிலைப்பாடு தொடர்ந்தது. திருத்தத்தின் உண்மையான சாரம் எது என்று பார்க்க வேண்டும், வரம்புரைக்குள் வரும் பொருளின் மீது அதன் தாக்கம் தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்தால் ஏற்புறுதி தேவையில்லை என்று தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதினார்.

ஆனால் அதே அளவுகோலுக்கு மறுபக்கம் உண்டு. தாக்கம் நேரடியானதாகவும் கணிசமானதாகவும் இருந்தால், எழுத்து மாறாவிட்டாலும் மாற்றம் நிகழ்ந்ததாகவே கொள்ள வேண்டும். இதுதான் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் நடந்தது. கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் வந்த 52ஆவது திருத்தம், பத்தாம் அட்டவணையின் 7ஆம் பத்தியில் நீதிமன்றங்களின் விசாரணை அதிகாரத்தையே முழுவதும் விலக்கியது. உயர் நீதிமன்றங்களைப் பற்றிய எந்த உறுப்பையும் அது பெயர் சொல்லித் திருத்தவில்லை. ஆனாலும் 136, 226, 227 உறுப்புகளின் அதிகாரம் பறிபோவதால் ஏற்புறுதி தேவைப்பட்டது, அது பெறப்படாததால் 7ஆம் பத்தி செல்லாது என்று 1992 பிப்ரவரியில் வெளியான தீர்ப்பு கூறியது. அந்தத் தீர்ப்பின் பயனைச் சிவகங்கை மாவட்டமே கண்டது. 2017இல் பேரவைத் தலைவர் 18 சட்டமன்ற உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தபோது அவர்களுள் மானாமதுரைத் தொகுதி உறுப்பினரும் இருந்தார். அந்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஆராய முடிந்தது என்றால், 7ஆம் பத்தி ஏற்புறுதி இன்றி விழுந்திருந்ததுதான் காரணம். முடிவு அவர்களுக்குச் சாதகமாக அமையாமல் 2019இல் இடைத்தேர்தல் நடந்தது என்பது வேறு செய்தி.

சஜ்ஜன் சிங்கும் கிஹோட்டோவும் வகுத்த இந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் 9பி பகுதி விழுகிறது என்பதில் மூன்று நீதிபதிகளுக்கும் ஐயம் இல்லை. 32ஆம் பதிவின் கீழ் மாநிலச் சட்டமன்றத்துக்கு இருந்தது முழுமையான, தனித்த அதிகாரம். குழுவில் 25 பேர் இருக்கலாம் என்று ஒரு மாநிலம் நினைத்தால் 9பி பகுதிக்குப் பிறகு அது முடியாது. பதவிக்காலம் மூன்றாண்டு போதும் என்று நினைத்தாலும் முடியாது. ஒரு துறையில் சட்டமியற்றும் அதிகாரத்தின் உள்ளீட்டைக் கணிசமாகக் குறைத்துவிட்டு, பதிவின் சொற்கள் அப்படியே இருக்கின்றன என்று சுட்டுவது போதுமானதாகாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மத்திய அரசின் இன்னொரு வாதத்துக்குக் கிடைத்த பதில். 28 மாநிலங்களுள் 17 மாநிலங்கள் 9பி பகுதிக்கு ஏற்பத் தங்கள் சட்டங்களைத் திருத்திக்கொண்டுவிட்டன, எந்த மாநிலமும் எதிர்த்து வழக்குத் தொடுக்கவில்லை, ஆகவே மாநிலங்களுக்கு மறுப்பு இல்லை என்பது தெளிவு என்று கூறப்பட்டது. எண்ணிக்கையில் 17 என்பது பாதிக்கும் மேல்தான். ஆனால் பங்காளிகள் பலருக்குப் பொதுவான வளவு வீட்டின் முகப்பை ஒருவர் மற்றவர்களைக் கேட்காமல் இடித்து மாற்றிக் கட்டிவிட்டால், பிறகு வந்தவர்கள் வேறு வழியின்றிப் புதிய வாசல் வழியாகவே போய்வந்தார்கள் என்பதைப் பத்திரத்தில் இட்ட கையெழுத்தாக எந்த ஊர்ப் பெரியவரும் எடுத்துக்கொள்ள மாட்டார். 9பி பகுதி, மாறான மாநிலச் சட்டங்களுக்கு ஓராண்டு கெடு விதித்திருந்தது. அந்தக் கெடுவுக்கு அஞ்சிச் சட்டத்தைத் திருத்திய மாநிலம், திருத்தத்தை விரும்பி ஏற்றது என்று ஆகிவிடாது. கட்டளைக்குக் கீழ்ப்படிவது ஒன்று. கட்டளை பிறக்கலாமா என்று கேட்கப்படும்போது ஆம் என்று சொல்வது வேறொன்று. 368ஆவது உறுப்பு கேட்பது இரண்டாவதை. அதுவும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு முன்பு, தீர்மான வடிவில். மாநிலங்களே வழக்குத் தொடுக்காவிட்டாலும் ஒரு குடிமகன் இந்தக் குறையை எடுத்துரைக்கலாம் என்பதும் இந்த வழக்கால் உறுதிப்பட்டது.

பிரித்தெடுக்கலாமா

இது வரை மூவரும் ஒருமித்தனர். அடுத்த கேள்வியில் பிரிந்தனர். 9பி பகுதி, பல மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களையும் யூனியன் பிரதேசங்களில் உள்ள சங்கங்களையும் பற்றி 243இசட்ஆர், 243இசட்எஸ் என்ற உறுப்புகளில் பேசுகிறது. பல மாநிலச் சங்கங்கள் மத்தியப் பட்டியலின் 44ஆம் பதிவுக்குள் வருபவை. அவற்றைப் பற்றிய விதிக்கு மாநிலங்களின் ஏற்புறுதி தேவையில்லை. எனவே அந்த அளவுக்கு 9பி பகுதி நிலைக்கும் என்று நீதிபதிகள் நாரிமனும் கவாயும் முடிவு செய்தனர். நீதிபதி ஜோசப் மறுத்தார். 243இசட்ஆர் தானாக நிற்கும் விதி அன்று. இந்தப் பகுதியின் பிற விதிகளில் ‘மாநிலச் சட்டமன்றம்’ என்று வரும் இடங்களில் ‘நாடாளுமன்றம்’ என்று படித்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பிற விதிகளே இல்லாதபோது எதைப் படித்துக்கொள்வது என்பது அவருடைய வாதத்தின் உயிர்.

கிஹோட்டோ வழக்கிலும் இதே பிளவு இருந்தது. மூவர், 7ஆம் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றினர். நீதிபதிகள் எல்.எம். சர்மாவும் ஜே.எஸ். வர்மாவும், ஏற்புறுதி இல்லாத மசோதா குடியரசுத் தலைவரிடம் சென்றதே முறையன்று, ஆகவே முழுத் திருத்தமும் செல்லாது என்றனர். நான் சிறுபான்மைத் தீர்ப்புகளின் பக்கமே சாய்கிறேன். 368ஆவது உறுப்பு பேசுவது மசோதாவைப் பற்றி. மசோதா ஒப்புதலுக்குச் செல்வதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனை நிறைவேறாதபோது, அந்த ஒப்புதல் மசோதாவின் ஒரு பாதிக்கு மட்டும் உயிர் கொடுத்தது என்று சொல்வதற்கு வாசகத்தில் இடம் தெரியவில்லை. பெரும்பான்மையினரின் வழி, நாடாளுமன்றம் உண்மையில் தன் அதிகாரத்துக்குள் நின்று செய்த வேலையை வீணாக்காமல் காக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஏற்புறுதிக்கு அனுப்பாமல் விட்டால் அதிகம் போனால் ஒரு பகுதிதான் போகும் என்ற எண்ணம் வருங்காலத்தில் மசோதா வரைபவர்களுக்கு வந்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் இத்தகைய வழக்குகள் வேறு வழியில் போனதை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே எல்லாத் திருத்தங்களுக்குமே மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் ஏற்புறுதி வேண்டும் என்பதால், தேவையா என்ற கேள்வி எழுவதில்லை. அளித்தது முறையா என்பதே வழக்காகிறது. பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது திருத்தத்தில் டென்னசி, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் தீர்மானங்கள் முறையற்றவை என்று வாதிடப்பட்டபோது, மாநிலம் சான்றளித்து அரசுச் செயலர் அறிவித்துவிட்டால் நீதிமன்றம் அதற்குப் பின்னால் போகாது என்று 1922இல் லெசர் வழக்கில் முடிவாயிற்று. 1939இல் கோல்மன் வழக்கில், இவை அரசியல் அவைகள் தீர்க்க வேண்டிய கேள்விகள் என்று நீதிமன்றம் இன்னும் விலகி நின்றது. அந்த விலகலின் விளைவை, 1972இல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட சம உரிமைத் திருத்தத்தில் இன்றும் காணலாம். கெடு முடிந்த பின் 2020இல் வர்ஜீனியா 38ஆவதாக ஏற்புறுதி அளித்தது. ஐந்து மாநிலங்கள் தாம் முன்பு அளித்ததைத் திரும்பப் பெற்றிருந்தன. அது திருத்தம் ஆயிற்றா இல்லையா என்பது இன்னும் பூசலில் இருக்கிறது. நம் நீதிமன்றங்கள் ஒதுங்கி நிற்காமல் ஆம், இல்லை என்று சொல்வது நமக்கு வாய்த்த நல்ல மரபு.

சங்கங்களுக்கு நேர்ந்தது

தீர்ப்பு வந்தவுடன், 2013இலும் 2018இலும் தமிழ்நாட்டில் நடந்த கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கள் என்ன ஆகும் என்ற கவலை எழுவது இயல்பு. அவை 9பி பகுதியின் கீழ் நேரடியாக நடந்தவை அல்ல. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தவை. அந்தச் சட்டத்தை இயற்றவும் திருத்தவும் சட்டமன்றத்துக்கு 32ஆம் பதிவின் கீழ் சொந்த அதிகாரம் உண்டு. அரசமைப்புத் திருத்தத்தின் வற்புறுத்தலால் செய்த மாற்றமாக இருந்தாலும், அதைச் செய்யும் அதிகாரம் மாநிலத்துடையதே என்பதால், 9பி பகுதி விழுந்தபோதும் மாநிலச் சட்டத்தின் விதிகள் தம் காலில் நின்றன. மாறியது இதுதான்: அவற்றை மாற்றவோ நீக்கவோ மாநிலத்துக்கு இருந்த தடை அகன்றது.

அந்தச் சுதந்திரம் விரைவிலேயே பயன்படுத்தப்பட்டது. 2022 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம், நிர்வாகக் குழுக்களின் பதவிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 9பி பகுதி முழுமையாக நடைமுறையில் இருந்திருந்தால் அப்படி ஒரு மசோதா அவைக்கே வந்திருக்க முடியாது. அதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சென்னையில், தாங்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களின் வாய்மொழியாகத் தங்கள் காரணங்களைச் சொல்ல முடிந்தது. அதே வேளையில், தனி அலுவலர் ஆட்சிக்கு ஆறு மாத எல்லை என்ற அரசமைப்புக் காப்பை நம் சங்கங்கள் இழந்தன என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். அந்த எல்லை இனி மாநிலச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவுக்குத்தான். அது அங்கே நிலைக்க வேண்டும் என்று விரும்பும் உறுப்பினர், இனித் தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் கேட்க வேண்டும்.

தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்பு, 2021 ஜூலை 6 அன்று, மத்திய அரசு கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகத்தை அமைத்திருந்தது. இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்ததால், அந்த அமைச்சகத்தின் எல்லை எது என்ற கேள்விக்குத் தீர்ப்பே பெரும்பகுதி விடையாகிவிட்டது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் திருத்தி, அவற்றுக்கெனத் தேர்தல் ஆணையத்தை ஏற்படுத்தியது. 9பி பகுதியின் காப்பும் அந்தச் சங்கங்களுக்குத் தொடர்கிறது. எனவே செட்டிநாட்டில் ஒரே தெருவில் குடியிருக்கும் இருவருள், பல மாநிலச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு நிர்வாகக் குழுவின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்கும் ஆறு மாதக் கலைப்பு எல்லைக்கும் அரசமைப்புச் சட்டத்தின் உறுதி உண்டு. ஊரின் தொடக்க வேளாண்மைச் சங்கத்தில் நகையை அடகு வைத்திருப்பவருக்கு அந்த உறுதி இல்லை. இந்த வேறுபாட்டை நீக்க வழி ஒன்றுதான். 9பி பகுதியின் மசோதாவை நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி, இம்முறை ஒப்புதலுக்கு முன்பே மாநிலச் சட்டமன்றங்களுக்கு அனுப்ப வேண்டும்.